பால்வண்ணநாதனின் நன்னடத்தை

தம்மைப் பற்றி விசாரிக்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வருகிறார் என்ற தந்தியைப் பால்வண்ணநாதன் தம் காதாலேயே கேட்டு, தம் கையாலேயே எழுதி, தாமே உறையிலிட்டு ஒட்டி, தாமே கொண்டுபோய்ப் போஸ்ட்மாஸ்டர் மேஜையில் வைத்தார்.

போஸ்ட்மாஸ்டர் அப்துல் ஜப்பார் கடையநல்லூர்க்காரர். எந்த உறையையும் முதலில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். பிரித்தார், படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பால்வண்ணநாதனைப் பார்த்தார்.

"என்ன தந்தின்னு தெரியுமாவே?"

"தெரியாது சார்."

"நீருதானே வாங்கி எழுதினீரு?"

"வாங்கினது காது. எழுதினது கை. எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

தந்திக் குமாஸ்தாவுக்கு அதுதான் விதி. கம்பியில் வருவது கம்பியோடு போய்விட வேண்டும். செத்த செய்தி வந்தாலும் பிறந்த செய்தி வந்தாலும் முகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். பால்வண்ணநாதன் அந்த விதியைத் தவறவிட்டதே இல்லை. இப்போதும் முகம் சரியாகத்தான் இருந்தது. கைதான் போஸ்ட்மாஸ்டரின் பேனாவைப் பசைப்புட்டிக்குள் செருகிக்கொண்டிருந்தது.

"சரி, தெரியாதவருக்கு நானே சொல்லுதேன்," என்றார் அப்துல் ஜப்பார். "உம்ம கிளியரன்ஸைத் திரும்பப் பரிசீலிக்காங்களாம். தணிகாசலம்னு ஒரு ஆபீசர் வாராரு. குத்தாலத்துல பங்களா எடுத்துத் தங்கி விசாரிப்பாராம்."

கிளியரன்ஸ் என்பது இரகசியத் தந்திகளைத் தொடுவதற்கு அரசாங்கம் தரும் அனுமதி. சீனச் சண்டைக்குப் பிறகு அப்படிப்பட்ட தந்திகள் பெருத்துவிட்டன. வார்த்தை ஒன்றும் இருக்காது, வரிசையாக எண்களாகவே வரும். அதிலும் குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் மந்திரி, நீதிபதி, பெரிய பெரிய துரைமார் எல்லாரும் குடும்பத்தோடு பங்களாக்களில் வந்து இறங்குவார்கள். அவர்கள் பின்னாலேயே அரசாங்கமும் எண்களாகக் கம்பி வழியே வந்து தென்காசித் தந்தி ஆபீசில் இறங்கும். அதை வாங்குகிற நாற்காலியில் பால்வண்ணநாதன் உட்கார்ந்திருந்தார். கிளியரன்ஸ் போனால் நாற்காலி போகும். நாற்காலி போனால், காலம் இருந்த இருப்பில், உத்தியோகமும் போகும்.

போகாது என்று தைரியமாக இருக்க அவரால் முடியவில்லை. ஏனென்றால் அவர் பேரில் பழைய கேஸ்கள் இரண்டு இருந்தன.

முதல் கேஸ் கள். கல்யாணத்துக்கு முன்னால், வேலைக்கும் முன்னால், ஆரியங்காவில் ஒரு சேக்காளியின் கல்யாணத்துக்குப் போனார். மலைக்கு அந்தப் பக்கம் மலையாளச் சீமை, மதுவிலக்கு இல்லை, கள்ளுக்கடை திறந்திருந்தது. வயிறு முட்டக் குடித்துவிட்டு ரயிலேறி இந்தப் பக்கம் வந்து இறங்கினார். அந்தப் பக்கம் சட்டத்துக்கு உட்பட்டிருந்த வயிறு, இந்தப் பக்கம் இறங்கியதும் குற்றவாளியாகிவிட்டது. தென்காசி ஸ்டேஷனில் எடை பார்க்கும் இயந்திரத்தைக் கும்பிட்டு, வீட்டுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தபோது பிடித்தார்கள்.

இரண்டாவது கேஸ் லேகியம். மறு வருஷம் குற்றாலத்தில் யாரோ ஒரு நாட்டு வைத்தியன், ஜீரணத்துக்கு நல்லது என்று உருட்டிக் கொடுத்தான். அதில் கஞ்சா கலந்திருந்தது. நெல்லிக்காய் அளவில் இரண்டு உருண்டைகளை விழுங்கிவிட்டு, மூன்றாவதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பால்வண்ணநாதன் தாமாகவே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்துபோய் ஒரு புகார் கொடுத்தார். அருவி கீழேயிருந்து மேலே போகிறது, யாராவது உடனே நிறுத்த வேண்டும் என்பது புகார்.

இரண்டுக்கும் அபராதம் கட்டினார். வேலைக்குச் சேரும்போது இரண்டையும் ஒளிக்காமல் சொன்னார். இனி ஒரு சொட்டு நாக்கில் பட்டதாகத் தெரிந்தாலும் தொலைந்தாய் என்று எச்சரித்துத்தான் நாற்காலியைக் கொடுத்தார்கள். அன்றுமுதல் அவர் பன்னீர் சோடாவைக்கூட மோந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் அவருடைய மூக்கு முதலில் வேலை செய்தது. அலமாரியைத் திறந்தார். பழுப்பு நிறப் பாட்டில்கள் வரிசையாக நின்றன.

"இது என்னட்டி?"

அவர் மனைவி இராமலட்சுமி மூன்றாவது பிள்ளையைப் பெற்று, நாற்பது நாள் கழித்து அப்போதுதான் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். "தெரியாத மாதிரி கேக்கிய. தசமூலாரிஷ்டம். எங்கம்மை செங்கோட்டை வைத்தியர்கிட்டச் சொல்லி அனுப்பிவிட்டது."

"இதுல என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"பத்து வேரு இருக்கு."

"வேரு இருந்தாப் பரவாயில்லையே. வேரு ஊறிப் புளிச்ச தண்ணியில்லா இருக்கு. மோந்து பாரு."

"நான் எதுக்கு மோந்து பாக்கணும்? நாந்தானே தினமும் குடிக்கேன்."

பால்வண்ணநாதன் பாட்டில்களை எண்ணினார். விசாரணை அதிகாரி வருகிறார். வந்தால் வீட்டுக்குள் ஒரு பார்வை பார்ப்பார். பழைய கள் கேஸ்காரன் வீட்டு அலமாரியில் புளித்த பாட்டில்கள் வரிசை கட்டி நிற்கும்.

"என்னை விசாரிக்க ஆபீசர் வாராரு. இதையெல்லாம் எங்கயாவது மாத்தணும்."

"ஆபீசர் வந்து பாத்தா, பிள்ளை பெத்த வீடுன்னு தெரிஞ்சுக்கிடுவாரு. அவரையும் ஒருத்தி பெத்துத்தானே இருப்பா."

அவளுடைய பேச்சில் நியாயம் இருந்தது. ஆனால் பயப்படுகிறவனுக்கு நியாயம் எந்தக் காலத்தில் காதில் விழுந்திருக்கிறது? பாட்டில்களைத் துண்டில் மூட்டையாகக் கட்டிப் பக்கத்து வீட்டு மங்களேஸ்வரி அக்காவிடம் கொண்டுபோனார். கணவர் கொழும்பில் கடை வைத்திருக்க, அவள் இங்கே தனியாக இருந்தாள். சிவப்பழம். பொய் சொல்லத் தெரியாதவள் என்று தெரு முழுக்கப் பெயர் எடுத்தவள். அந்தப் பெயர் அந்த நேரத்தில் பால்வண்ணநாதனுக்கு ஞாபகம் வரவில்லை.

"அக்கா, ஒரு ஆபீசர் வாராரு, அவருக்குத் தெரியக்கூடாது. கொஞ்ச நாளைக்கு இது உங்க வீட்டுல இருக்கட்டும். யாரும் கேட்டா உங்களுதுன்னு சொல்லிருங்க."

"என்னுது இல்லையே தம்பி."

"சும்மா ஒரு பேச்சுக்கு."

"பேச்சுக்குன்னா சரி," என்றாள் அவள், சந்தேகத்தோடு.

அதிகாரி வந்து சேர்ந்தார். பால்வண்ணநாதன் நினைத்ததுபோல அவருடைய வீட்டுக்கு வரவே இல்லை. விசாரணை முறை அறிந்தவர்கள் ஆளை விசாரிக்க மாட்டார்கள், அக்கம்பக்கத்தைத்தான் விசாரிப்பார்கள். நேராக மங்களேஸ்வரி அக்கா வீட்டில் போய் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்திருக்கிறார்.

சாயங்காலம் அக்கா வாசலிலேயே பால்வண்ணநாதனை மறித்துக்கொண்டாள்.

"தம்பி, இன்னைக்கு ஒருத்தர் வந்தாக. நல்ல மனுசன். குண்டா, சிரிச்ச முகமா இருந்தாக. உங்களைப் பத்தித்தான் கேட்டாக. நல்ல பிள்ளைன்னு சொன்னேன்."

"நல்லதுக்கா."

"பொறவு அந்த வரிசை பாட்டிலைப் பாத்துட்டு, இதெல்லாம் என்னம்மான்னு கேட்டாக."

பால்வண்ணநாதன் அவள் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னுதுன்னுதான் வாயெடுத்தேன் தம்பி. நெத்தியில திருநீறு பூசியிருந்தாக. திருநீறைப் பாத்துக்கிட்டே எப்படிப் பொய் சொல்ல? பக்கத்து வீட்டுத் தம்பி ஒளிச்சு வச்சது, யாரோ ஆபீசர் வாராராம், அவருக்குத் தெரியக்கூடாதாம்னு சொன்னேன். நீங்க அந்த ஆபீசரைப் பாத்தியளான்னும் கேட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"சிரிச்சாக. ரொம்ப சந்தோசமாச் சிரிச்சாக."

மறுநாள் காலையில் குற்றாலத்துக்கு வரச்சொல்லி ஆள் வந்தது.

சாரல் அன்று தூள் தூளாக விழுந்துகொண்டிருந்தது. பங்களா தாழ்வாரத்தில், ஒரு மரப்பெஞ்சில், இடுப்பில் ஒரு துண்டோடு தணிகாசலம் குப்புறப் படுத்திருந்தார். எண்ணெய் தேய்க்கிற ஆள் ஒருவன் அவர் முதுகில் இரு கைகளாலும் மத்தளம் வாசித்துக்கொண்டிருந்தான். பங்களாக் காவல்காரன் குத்தாலிங்கம் காப்பித் தம்ளரைப் பெஞ்சின் தலைமாட்டில் வைத்துவிட்டு, வந்தவரை மேலும் கீழும் பார்த்தான். "இந்த வருசம் இவுகளா?" என்று மட்டும் மெல்லக் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். வருஷத்துக்கு ஒருவனைத் தொலைக்கிறார் போலிருக்கிறது என்று பால்வண்ணநாதன் எண்ணிக்கொண்டார்.

"வாங்க மிஸ்டர் பால்வண்ணநாதன்," என்றார் அதிகாரி, தலையைத் தூக்காமலே. "சீசன் இந்த வருஷம் எப்படி?"

இதை ஏன் கேட்கிறார்?

"சாரல் நல்லா இருக்கு சார்."

"எவ்வளவு நாள் நிற்கும்?"

"ஆடி முழுக்க நிக்கும்னு சொல்லுதாக சார்."

"சொல்றாங்களா? இல்லே, உங்களுக்கே தெரியுமா?"

"எனக்கே தெரியும் சார். காத்து மேற்க இருந்து இப்படியே அடிச்சா ஆவணி பிறந்தாலும் நிக்கும்."

"ம்," என்றார் அதிகாரி. பெஞ்சுக்குக் கீழே விரல்விட்டு எதையோ எண்ணினார். பிறகு, "அந்த பாட்டில் விஷயம் இருக்கே, அது சாதாரண விஷயம் இல்லை. ஆழமாப் பார்க்கணும்," என்று சொல்லி, எண்ணெய்க் கையாலேயே ஒரு தாளில் கிறுக்கிக் கொடுத்தார். "இதை அனுப்பிடுங்க."

மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டிய தந்தி அது. புதிய தகவல் கிடைத்துள்ளது, விசாரணைக்குக் கூடுதல் அவகாசம் தேவை என்று எழுதியிருந்தது. தென்காசிக்குத் திரும்பிப் பால்வண்ணநாதன் தம் கையாலேயே அதைத் தட்டினார். தமக்குத் தாமே தூக்குக்கயிறு திரிப்பது என்பார்களே, அதைத் தட்டித் தட்டிச் செய்தார். எழுத்து ஒன்றுகூடப் பிசகவில்லை.

"என்ன கேட்டாருவே?" என்றார் அப்துல் ஜப்பார்.

"சாரல் எப்படின்னு கேட்டாரு. எப்ப நிக்கும்னு கேட்டாரு."

அப்துல் ஜப்பார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "பெரிய ஆளுதான். வேற எதையாவது கேட்டா நீரு ஜாக்கிரதையாயிருவீருல்லா. மழையைக் கேட்டா வாய் தானா ஓடும். ஓடுத ஓட்டத்துல ஆளை எடை போட்டுருவாரு."

"நான் ரொம்ப ஓடிட்டேனா சார்?"

"ஆவணி வரைக்கும் ஓடிட்டீரே. சரி, விடும். மனுசனைக் கொஞ்சம் குளிர வையும். பணம் காசுன்னு போயிராதேயும், உள்ள போட்டுருவான். ஒரு கலயம் பதநீர் கொண்டு குடும். பதநீர் லஞ்சத்துல சேராது."

அந்த யோசனை பால்வண்ணநாதனுக்கு நெஞ்சில் பால் வார்த்தது. பதநீரைவிடச் சுத்தமான பானம் உண்டா? குடிகாரன் பதநீர் வாங்குவானா? விடியற்காலையில் சுந்தரபாண்டியபுரத்துப் பனைவிளைக்கே சைக்கிளில் போய்விட்டார். பனையேறி கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தான். சுண்ணாம்பு போட்டால்தான் பதநீர் புளிக்காமல் பதநீராகவே நிற்கும்.

"சுண்ணாம்பைக் குறைச்சலாப் போடுப்பா. மெட்ராஸ்காரரு. வாடை பிடிக்காது," என்றார் பால்வண்ணநாதன்.

"குறைக்கலாம் அண்ணாச்சி. ஆனா வெயிலுக்கு முன்னாடி குடிச்சிரணும். இல்லைன்னா அது வேற மாதிரி ஆயிரும்."

"வெயிலுக்கு முன்னாடி குடிச்சிருவாரு."

குடிக்கவில்லை. பால்வண்ணநாதன் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி ஐந்தருவிக்குப் போயிருந்தார். அருவியில் நல்ல வரத்து. போனவர் வரவில்லை. அதிசயமாக அன்றைக்குப் பார்த்துச் சாரல் விலகி வெயில் காய்ந்தது. தாழ்வாரத்தில் வெயில் ஏற ஏறக் கலயத்தை நிழலுக்கு நிழல் மாற்றி வைத்தார் பால்வண்ணநாதன். கடைசியில் நிழலும் தீர்ந்துபோயிற்று.

உச்சிவேளைக்கு மேல் தணிகாசலம் ஈரத்தலையோடு பசித்து வந்து சேர்ந்தார்.

"என்ன அது? பதநீரா? கொடுங்க, கொடுங்க."

ஒரு தம்ளர் குடித்தார். மீசையில் நுரை ஒட்டியது. "அருமையா இருக்கே. மெட்ராஸிலே கிடைக்கிற பதநீர் இப்படி இருக்காது." இன்னொரு தம்ளர் குடித்தார். மூன்றாவதைக் கேட்டு வாங்கினார். பிறகு பால்வண்ணநாதனின் தோளில் கை வைத்து, "நீங்க ரொம்ப நல்ல மனுஷன் சார்," என்று சொல்லிவிட்டு, அந்தப் பெஞ்சிலேயே சாய்ந்து குறட்டைவிடத் தொடங்கினார்.

பால்வண்ணநாதன் கலயத்தை மோந்து பார்த்தார்.

அந்த வாசனையை அவர் பல வருஷங்களாகச் சந்தித்ததில்லை. ஆனாலும் கண்டதும் தெரிந்துவிட்டது. ஆரியங்காவு கல்யாண வீட்டில் பார்த்த அதே ஆள்.

விசாரணை அதிகாரிக்குக் கள் ஊற்றிக் கொடுத்தாகிவிட்டது. உலகத்தில் எந்தக் குடிகாரனும் செய்யாத காரியம். தடயத்தை அழிக்க வேண்டும். கலயத்தைத் தூக்கிக்கொண்டு சிற்றாற்றுப் படிக்கு ஓடினார். படியெல்லாம் பாசி. கால் வழுக்கியது. அவர் உட்கார்ந்தார். கலயம் அவர் தலைமேல் உட்கார்ந்து உடைந்தது. மிச்சமிருந்தது அத்தனையும் தலையிலிருந்து மார்பு வழியாக இறங்கிச் சட்டையில் ஊறியது.

மேல்படியில் ஒரு ஜோடி பூட்ஸ் வந்து நின்றது.

"யாருலே அது, பால்வண்ணமா?" ஏட்டு வல்லிநாயகத்தின் குரல். முன்னொரு காலத்தில் கான்ஸ்டபிளாக இருந்து அந்தப் புகாரை எழுதிக்கொண்டவர் அவர்தான். "அருவி இன்னமும் மேலதான் போவுதா?"

"ஏட்டையா, நான் குடிக்கலை."

ஏட்டு குனிந்து மோந்தார். "நீ குடிக்கலை. உன் சட்டை நல்லாக் குடிச்சிருக்கு. எங்கன கிடைச்சது?"

பால்வண்ணநாதன் கணக்குப் போட்டார். நான்தான் வைத்திருந்தேன் என்று சொன்னால் மூன்றாவது கேஸ். விசாரணை அதிகாரி குடித்த மிச்சம் என்று சொன்னால் அதற்கு எத்தனையாவது கேஸ் என்றே தெரியாது.

"பதநீர்தான். அதிகாரிக்குக் கொண்டுவந்தது. வெயில் பட்டுட்டு," என்றார் கடைசியில், அழாத குறையாக.

"பாவமாத்தான் இருக்கு. ஸ்டேஷனுக்குக் கொண்டு போகலை, போ. ஆனா அந்த ஆபீசர் என்னை நேரடியாக் கேட்டா நான் மறைக்க மாட்டேன். யூனிபாரம் போட்டிருக்கேன்லா."

அதிகாரி கேட்டார். அன்று சாயங்காலமே ஏட்டை வரவழைத்துக் கேட்டார். ஏட்டு இரண்டு பழைய கேஸையும் அன்றைய சட்டையையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அருவிப் புகாரைக் கேட்டபோது தணிகாசலம் வயிறு குலுங்கச் சிரித்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னாராம். பிறகு முகத்தைச் சரிசெய்துகொண்டு, "நிலைமை சிக்கலாகிறது," என்றாராம்.

மறுநாள் அனுப்புவதற்கு இரண்டு தந்திகள் வந்தன, இரண்டும் அதிகாரி எழுதியவை. மெட்ராஸ் ஆபீசுக்கு ஒன்று: மேலும் கடுமையான தகவல்கள், விசாரணை நீள்கிறது. மெட்ராஸிலேயே ஒரு வீட்டு விலாசத்துக்கு மற்றொன்று: உடனே புறப்படு, எல்லாரையும் அழைத்து வா.

எல்லாரையும் என்றால் எத்தனை பேர்? பால்வண்ணநாதன் இரண்டையும் தட்டி முடித்துவிட்டு, தம் கையைத் தாமே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரிந்தும் தெரியாதவராக இருக்க வேண்டும். அதுவும் விசாரணையில் ஒரு பகுதியோ என்னவோ. தந்தியில் கண்டதை வைத்துப் பதறினால் அதையே குற்றமாக எழுதிக்கொள்ளக் காத்திருக்கிறாரோ என்னவோ. ஆகவே பதறாமல் இருந்தார். பதறாமல் இருக்கப் பட்ட பாட்டில் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை, கண் சிவந்தது.

"கண்ணாடியில முகத்தைப் பாத்தியளா?" என்றாள் இராமலட்சுமி. "நீங்க உண்மையிலேயே குடிச்சிட்டுக் கிடந்த காலத்துலகூட உங்களுக்கு இந்த முகம் இருந்திருக்காது. இந்த முகத்தோட அந்த ஆபீசர் முன்னால போகாதிய."

"கூப்பிட்டா போகாம இருக்க முடியுமா?"

"அப்பம் திருநீறாவது நிறையப் பூசிட்டுப் போங்க."

கூப்பிட்டார். தினமும் கூப்பிட்டார். செங்கோட்டை ரயிலில் வந்து இறங்கிய எல்லாரும் அதிகாரியின் மனைவி, மாமியார், மச்சினி, பிள்ளைகள், பெரிய பெரிய முறுக்கு டின்கள். அவர்களுக்கு அருவிகளைக் காட்ட ஊர் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டது. விடுப்புப் போட்டுவிட்டுப் பால்வண்ணநாதன் காட்டினார். பழைய அருவி காட்டினார், புலியருவி காட்டினார், மாமியாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துச் செண்பகாதேவி வரை ஏற்றி இறக்கினார். அந்த அம்மாள் மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒரு கல்லில் உட்கார்ந்து, "ஏம்ப்பா, நீ என்னமோ தப்புப் பண்ணிட்டியாமே. மாப்பிள்ளை சொன்னார். நல்லா இருப்பே," என்று ஆசீர்வாதம் செய்தாள்.

"குடும்பத்தோட விசாரிக்காங்கவே உம்மை," என்றார் அப்துல் ஜப்பார். இப்போது அவர் குரலிலும் பயம் இருந்தது. "என் சர்வீஸ்ல இப்படி ஒரு விசாரணையைப் பாத்ததில்லை. தூக்குத்தண்டனைக் கைதியையே ஒரு நாளு ரெண்டு நாளுல முடிச்சிருதான்."

ஒவ்வொரு நாளும் விசாரணை ஒரே கேள்வியில் தொடங்கியது. மழை எப்படி? அதற்குப் பால்வண்ணநாதன் நடுங்கி நடுங்கிப் பதில் சொன்னார். நல்ல பதில் சொன்னால் அதிகாரி மலர்ந்தார். ஆடி கழிந்து ஆவணி பிறந்ததும் பதிலும் மெலியத் தொடங்கியது. மேற்குக் காற்று அடங்கிற்று. மலை முகடு மேகம் கலைந்து பளிச்சென்று தெரிந்தது. பேரருவி நூலாகிப் பாறையோடு ஒட்டிக்கொண்டு இறங்கியது. அருவி இளைக்க இளைக்க அதிகாரியின் முகத்திலும் சிரிப்பு வற்றியது. ஒரு நாள் பால்வண்ணநாதனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இனிமே இழுக்க முடியாது. முடிவு எடுத்தாகணும்," என்றார், மலையைப் பார்த்துக்கொண்டே.

அவ்வளவுதான் என்று பால்வண்ணநாதனுக்குப் புரிந்துவிட்டது. தள்ளிவிடுவதற்கு முன்னால் தாமே இறங்கிவிடுவது மானம். மறுநாள் காலையில், சொந்தக் காரணங்களுக்காகப் பதவி விலகுகிறேன் என்று நாலு வரி எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இராமலட்சுமி மூன்று பிள்ளைகளையும் வாசலில் நிறுத்தி அவரை அனுப்பிவைத்தாள். அவளுடைய கண்ணைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்தார். வழியெல்லாம் வெயில் சுள்ளென்று அடித்தது.

பங்களா வாசலில் ஒரு கார் நின்றது. படுக்கைகள், மங்குஸ்தான் பழக் கூடைகள், காலி முறுக்கு டின்கள் எல்லாம் ஏறிக்கொண்டிருந்தன. தணிகாசலம் கோட்டுப் போட்டுக்கொண்டு, வேறு ஆளாக நின்றார்.

"வாங்க. உங்க விஷயம் முடிஞ்சுது."

பால்வண்ணநாதனின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. "சார், நானே..."

"உங்க நன்னடத்தையிலே எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை. கிளியரன்ஸ் நீடிக்கலாம்னு எழுதியாச்சு."

சட்டைப்பைக்குள் போன கை அப்படியே நின்றது.

"சார், அந்த பாட்டிலு?"

"பிள்ளை பெத்த வீட்டிலே அரிஷ்டம் இல்லாம என்ன இருக்கும்?"

"பதநீரு சார்?"

"வெயில் பட்டா எந்தப் பதநீரும் புளிக்கும். என் நாக்குக்குத் தெரியாதா?"

"அருவி மேல போனது..."

"அது உங்க வாலிபம். முடிஞ்சுபோச்சு."

"அப்பம் இவ்வளவு நாளா ஏன் சார்?"

தணிகாசலம் கடைசியாக ஒரு தடவை மலையை ஏறிட்டுப் பார்த்தார். "அரசாங்கக் காரியம் மிஸ்டர் பால்வண்ணநாதன். முழுசா விசாரிக்காம விட முடியுமா?"

மாமியார் காருக்குள்ளிருந்து கையை நீட்டி, "நல்லா இருப்பே," என்றாள். கார் தூசி கிளப்பிக்கொண்டு தென்காசிச் சாலையில் திரும்பியது. பால்வண்ணநாதன் அந்தத் தூசியைப் பார்த்துக் கை கூப்பியபடி நின்றார். கண்ணீர் வழிந்தது. என்ன மனுஷன். ஒரு சாதாரணத் தந்திக் குமாஸ்தாவின் மானத்தைக் காப்பாற்ற இரண்டு மாசம் வீடு வாசலை விட்டுக் கிடந்து, துருவித் துருவி விசாரித்து, கடைசியில் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டுப் போகிறாரே. பையிலிருந்த தாளை எடுத்துச் சுக்கலாகக் கிழித்தார்.

காவல்காரன் குத்தாலிங்கம் பங்களாக் கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, காய்ந்து வெளுத்த அருவிப் பாறையை அண்ணாந்து பார்த்தான்.

"நீங்க கொடுத்து வச்சவரு அண்ணாச்சி, ஆவணியிலயே சாரல் நின்னுட்டு. போன வருசம் ஒரு பாரஸ்ட் ரேஞ்சரை இப்படித்தான் விசாரிச்சாக. பாவம், அந்த வருசம் மழை ஐப்பசி வரைக்கும் விடவே இல்லை."